வெள்ளைக் கோட்டில் ஒரு ரத்தப்புள்ளி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்றால் சந்தோஷம், இல்லை என்றால் ஒளிக்காமல் எழுது. ஒளித்தவள் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். போனில் நீ என்னைப் பேசவே விடுவதில்லை, கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் திருட்டுத்தனமாக இனிப்புச் சாப்பிடவில்லை. மூன்று மாதச் சர்க்கரை அளவு ஒன்பதைத் தாண்டியது என்று தெரிந்ததும், அம்மா பொய் சொல்றா, கடையில வச்சு எதையோ திங்கிறா என்று அப்பாவிடம் சொன்னாயாமே. அந்த மனுஷரும் பிஸ்கட் டப்பாவை அலமாரியில் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி திரிந்தார். முப்பது வருஷமாகத் தையல் கடை நடத்துகிறவளை இரண்டு பேரும் சேர்ந்து திருடி ஆக்கிவிட்டீர்கள். அதோடு விட்டாயா? கடையை மூடு, என்னோடு வந்து இரு, கண்ணெதிரே இருந்தால்தான் வழிக்கு வருவாய் என்று விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

நடந்ததைக் கேள். தெருமுனை ஆஸ்பத்திரியில் பல் டாக்டராக இருக்கிறாளே அந்த ஒல்லிப் பெண், அவள் தன் வெள்ளைக் கோட்டை இடுப்பில் பிடித்துத் தரச் சொல்லி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் தைத்து முடித்து, பேச்சு சுவாரசியத்தில் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தேன். வாங்கியவள் தையல் ஓரத்தில் ஒரு ரத்தப்புள்ளியைக் காட்டி, ஊசி குத்திடுச்சாம்மா என்றாள். ஆமாம் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அவள் விடாமல் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பத்து விரல்லயும் ஒரு குத்துகூட இல்லையே, எங்க, வாயைத் திறங்க என்றாள். ஐயோ, மானமே போய்விட்டது எனக்கு.

ஒன்றரை வருஷமாகப் பல் தேய்த்தால் ரத்தம் வரும். ரத்தம் வருகிறதே என்று பிரஷ்ஷை ஓரமாகப் போட்டுவிட்டு விரலால் பட்டும் படாமலும் தேய்த்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. மெல்ல முடியாமல் காய்கறியை ஒதுக்கி ரொட்டியைப் பாலில் ஊறவைத்து விழுங்கினேன், அதுவும் சர்க்கரையை ஏற்றியிருக்கும். வெளியே தெரிந்தால் யார் துணி கொண்டுவருவார்கள் என்ற பயத்தில், வெள்ளைத் துணிக்கு மட்டும் ஞாபகமாகக் கத்தரி எடுப்பேன். அன்றைக்குக் கத்தரிக்கு முன்னால் பல் முந்திக்கொண்டது.

ஈறுக்குள் சீழ் பிடித்திருந்ததாம். அப்படி ஒரு புண் உள்ளே இருந்தால் சர்க்கரை மருந்து சரியாக வேலை செய்யாதாம், சர்க்கரை ஏறினால் அந்த ஈறு ஆறாதாம். ஒன்று மற்றதைக் கெடுத்துக்கொண்டே போகுமாம். சர்க்கரை டாக்டர் இரண்டு தடவை மாத்திரையைக் கூட்டினாரே, ஒரு நாளாவது வாயைத் திற என்றாரா? நானும் சொல்லவில்லை, அது வேறு விஷயம். நான்கு முறை உட்காரவைத்து ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தாள். கீழ் வரிசையில் முன்பல் இரண்டு ஆடிப்போயிருந்ததால் பிடுங்கிவிட்டாள். நூல் அறுக்கிற பல் அதுதான். அன்றைக்குக் கடைக்கு வந்து மெஷினில் தலைவைத்து அழுதேன், மறுநாள் வழக்கம்போல் ஒன்பது மணிக்குத் திறந்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்பது புள்ளி ஒன்று எட்டு புள்ளி நான்காக இறங்கியிருக்கிறது. எல்லாம் பல்லாலதான்னு துள்ளாதீங்க, மாத்திரை, நடை, சாப்பாடு எதையும் விடக் கூடாது என்று அவள் மிரட்டினாள். மிரட்டட்டும். இறங்கியது இறங்கியதுதானே? உன் அப்பா பிஸ்கட் டப்பா சாவியை என் கையில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார், அது போதும் எனக்கு. உன்னிடமிருந்துதான் இன்னும் ஒன்றும் வரவில்லை.

அதையும் விடு. போன வாரம் வீடியோவில் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே பேசினாயே, கடித்த இடம் சிவப்பாக இருந்தது. என்னடி அது என்றதற்கு, அது எப்பவும் வர்றதுதாம்மா என்று சொல்லிப் படத்தை அணைத்துவிட்டாய். எப்பவும் வர்றதுதான் என்று நானும் ஒன்றரை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டவள். நீ என் வயிற்றில் பிறந்தவள், சர்க்கரை உனக்கும் வரலாம். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. என் பல் போனபோதுகூட இப்படிப் பயப்படவில்லை.

அதனால் முடிவாகச் சொல்கிறேன். கடையை மூட மாட்டேன், அங்கே வரவும் மாட்டேன். எனக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு உனக்கு எடுத்துக்கொண்டு வா. இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு அந்த ஒல்லி டாக்டரிடம் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். நீயும் என்னைக் கேட்காமல்தானே டிக்கெட் எடுத்தாய்?

பல்லும் சொல்லும் உறுதியாக நூறு வருஷம் நன்றாக இரு. இருபதாம் தேதி காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பு, முதலில் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுக்கவேண்டும். திருட்டுத்தனமாகக் காபி குடிக்கலாம் என்று நினைக்காதே, காபித்தூளும் அலமாரிக்குள் போய்விடும், சாவி இப்போது என்னிடம்.

இரண்டு பல் குறைந்த, கடை திறந்திருக்கிற,
உன் அம்மா