முன்பக்கம் இரண்டரை அங்குலம்

ஜூன் 3, 1986, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. வாசலெல்லாம் புழுதி. செய்ய வேண்டியது: டீசல் ஃபில்டர், பின் டயருக்குக் காற்று, மேரிக்கு இடுப்புத் தைலம்.

சாயந்திரம் கோயிலில் கூட்டம். 13ஆம் தேதி அந்தோணியார் திருவிழா. போன வருஷம் சாமி சுரூபத்தை என் பிக்கப்பில் வைத்துத்தான் ஊரைச் சுற்றி வந்தோம். காலி வண்டியில் முன்பக்கம் தாழ்ந்து நிற்பதால் சுரூபம் முன்னால் சாய்ந்தது. பீடத்தின் அடியில் ஆப்பு கொடுத்தோம். சாக்கடை மேட்டில் ஆப்பு நழுவி, சாமி கையிலிருந்த லில்லிப்பூ உடைந்தது. அதை ஊர் இன்னும் மறக்கவில்லை.

உபதேசியார் சவரிமுத்து எல்லார் முன்னிலும் சொன்னார்: "வண்டி மூக்கு குத்திக்கிட்டு நிக்குது ஆரோக்கியம். சாமி எதையோ கீழ போட்டுட்டுத் தேடுற மாதிரி இருக்குது. முன்னாடி தூக்கிக் குடு. இல்லன்னா மேலத்தெரு டிராக்டர் டிரெய்லர் சமமா இருக்குது, அதுல வெச்சுக்கறோம்."

டிராக்டராம்! சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 4

பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் ரசமட்டமும் டேப்பும் வாங்கி அளந்தேன்.

காலி வண்டி: முன் சக்கர வளைவு 29 அங்குலம். பின் 31½.

மத்தியானம் மாங்காய் பத்துக் கூடை ஏற்றினபின் மறுபடி. முன் 29. பின்னும் 29!

இரண்டு தரம் அளந்தேன். அதேதான். அப்படியானால் இது கோணல் இல்லை. லோடு ஏறினால் சமமாகட்டும் என்றே பின்னால் உயர்த்திச் செய்திருக்கிறான். ஆறு வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு நாளும் கவனிக்கவில்லை. செய்தவன் கெட்டிக்காரன்.

ஆனால் சாமி பத்துக் கூடை கனம் இல்லையே. முன்னால் இரண்டரை அங்குலம் தூக்கினால், லோடு ஏறும்போது என்ன ஆகும்? தெரியவில்லை. பார்த்துவிட வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

லேசான தூறல். அதியமான்கோட்டைப் பட்டறை. மெக்கானிக் கோவிந்தன் பழைய ஸ்பிரிங் பட்டை இரண்டு எடுத்துப்போட்டார். "முன்னாடி சைடுக்கு ஒண்ணு சேத்துடலாமுங்ணா. சும்மா சிங்கமாட்டம் நிக்கும். ரெண்டு மூணு நாள் லோடு அடிச்சுப் பாருங்க. ஒத்து வரலைன்னா கழட்டிப்புடலாம்."

மூன்று மணி நேர வேலை. டீ நான்கு. இறக்கி நிறுத்தினால், அடடா. முன் 31½. பின் 31½. ரசமட்டத்தில் குமிழி நடுவில்.

வேலை இல்லாமலே ஊரை இரண்டு தரம் சுற்றினேன். உபதேசியார் வீட்டு முன்னால் மெதுவாக.

வீட்டுக்காரி மேரி வாசலில் தடியை ஊன்றி நின்றாள். "நல்லா நிமிந்துருச்சுங்க மூக்கு." "வண்டிக்கா?" என்றேன். "அதுக்குந்தான்" என்றாள்.

அவள் கிணற்றடியில் விழுந்து இடுப்பு உடைந்து இரண்டு வருஷம். வீட்டுக்கும் கோயிலுக்கும் நாற்பது அடி, அதுவரைதான் நடை. பவனியில் எல்லாரும் வெறுங்காலோடு ஊரைச் சுற்றுவார்கள். இவள் வாசலில் மெழுகுவத்தியோடு நிற்பாள். இந்த வருஷமும் அப்படித்தான். வாசலில் நின்றாவது நம் வண்டி நிமிர்ந்து போவதைப் பார்க்கட்டும்.

ஜூன் 9, திங்கள்



விடிவதற்கு முன்னால் மாங்காய் லோடு, பதினொரு கூடை. பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானம் பார்த்தது. ஏரியூர் தாண்டும்போதே தெரிந்தது, ஸ்டியரிங்கில் கனமே இல்லை. லைட் ரோட்டில் விழவில்லை. புளியமரத்துக் கிளையில் தூங்கின கொக்கெல்லாம் தெரிந்தது, ரோடு தெரியவில்லை.

பென்னாகரத்துக்கு முந்தின வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தேன். வண்டி நேரே போனது. வலது சக்கரம் எதிர்ப்பக்க மண்ணில். எதிரில் பஸ். எப்படித் திருப்பினேனோ, அந்தோணியாருக்குத்தான் வெளிச்சம். பஸ் டிரைவர் தலையை நீட்டி, "லைட்ட எறக்குய்யா! ஆகாசத்துலயா லோடு எறக்கப் போற?" என்று கத்தினார்.

ஓரமாக நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். கூடை ஒன்று சரிந்து மாங்காய் உருண்டது. பொறுக்கத் தோன்றவில்லை.

மேரியிடம் சொல்லவில்லை.

ஜூன் 10

பட்டையைக் கழற்றியாயிற்று. கோவிந்தன் சிரிக்கவில்லை. "அதுக்குத்தானுங்ணா பாத்துட்டுச் சொல்லுங்கன்னேன்" என்றார், அவ்வளவுதான். மூக்கு பழையபடி குத்தியது. பார்க்க வருத்தம். ஓட்ட நிம்மதி.

வருஷத்தில் ஒரு நாள் சாமி. மற்ற நாளெல்லாம் மாங்காய், தக்காளி, செங்கல். உபதேசியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். முன்னால் தூக்காமல் பின்னால் அமுக்கினால் என்ன என்று கேட்டேன். பத்துக் கூடை கனம், ஐந்நூறு கிலோ போதும். யோசித்தார். "சரி, மண் மூட்டை போட்டுத் துணி மூடிரலாம். டிராக்டர வேண்டாங்கறேன்."

தப்பித்தோம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மேரி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "மண்ணு மூட்டைக்கு வந்த யோகத்தப் பாருங்க. சாமியோட ஊரச் சுத்தப் போவுது" என்றாள்.

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஜூன் 11

தூக்கம் சரியில்லை. ஐந்நூறு கிலோ என்றால் மண்ணாகத்தான் இருக்க வேண்டுமா?

காலையிலேயே உபதேசியார் வீடு. நடக்க முடியாதவர்களை ஏற்றலாமா என்றேன். பதறிவிட்டார். "சாமி வண்டியில மனுசன் ஏறுறதா? நம்மூர்ல வழக்கமே இல்லயே."

"மண்ணு ஏறலாமுங்களா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் ஃபாதரிடம் போனோம். ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தனை பேர்?" என்றார்.

ஜூன் 12

பட்டியல்: மேரி. முட்டி வீங்கினவர்கள் நாலு பேர். கண் தெரியாத ரோசம்மா. நிறைமாதக்காரி ஒருத்தி. இன்னும் மூணு பேர், எல்லாருக்கும் எழுபதுக்கு மேல். மொத்தம் பத்து. கனம் கேட்டேன், ஒருத்திக்கும் தெரியாது. கண்ணளவுதான். குறைந்தால் ஒரு மூட்டை மண்.

பெஞ்சு இரண்டு, கயிறு, பிடித்துக்கொள்ள மூங்கில். பீடத்தை நட்டு போட்டு இறுக்கினேன், நகராது. புது லில்லிப்பூ மெழுகில்.

மேரி நீலச் சேலையை எடுத்து, மடித்து, மறுபடி எடுத்தாள். பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

ஆறு மணிக்குப் பவனி. மண் தேவைப்படவில்லை. மேரியை நானும் உபதேசியாரும் தூக்கி ஏற்றினோம். "மெதுவாங்க, மாங்காக் கூடையா நானு" என்றாள், எல்லாரும் சிரித்தார்கள். சாமி நேராக நின்றார். முதல் கியரிலேயே ஓட்டினேன். இன்ஜின் சூடு.

மேலத்தெரு, பள்ளிக்கூடம், கீழத்தெரு. ஜெபமாலை நடுவில் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வழியே மேரி குரல்: "இங்க புதுசா மூணு வூடு இருக்குதே. எப்பக் கட்டுனாங்க?"

"வந்து ஒண்ணரை வருசமாச்சுக்கா" என்றாள் நிறைமாதக்காரி.

"எனக்குத் தெரியாதே" என்றாள் மேரி. குறையாக இல்லை, ஆச்சரியமாக.

அந்த வீடுகளுக்குச் செங்கல் லோடு அடித்தது நான்தான். இதே வண்டியில். முப்பது நடைக்கு மேல் இருக்கும். பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது.