சீனத்தில் ‘நான்’ என்று சொல்ல

இன்று காலை வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் அந்த ஒழுங்கையால் போனபோது, நாம் சீனம் படித்த வீட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மேல்மாடி ஏற்கெனவே இல்லை. மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று இரும்புப் பற்களால் முன்சுவரைப் பிடித்து இழுக்க, அது மொத்தமாகச் சரிந்தது. சுண்ணாம்புத் தூசு மூக்கிலும் வாயிலும் ஏறியது. அந்த மணம் வந்தால் எனக்கு நீதான் நினைவுக்கு வருவாய். வகுப்பறைச் சுவரில் நீ ஓங்கிக் குத்திய அன்று பொரிந்து விழுந்த சாந்தும் இப்படித்தான் மணத்தது. இருமிக்கொண்டே அங்கே நின்றேன். வேலைக்குப் பிந்துகிறது என்று தெரிந்தும் நகர முடியவில்லை.

உனக்கு எழுதவேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்து விட்டுவிட்டேன். இன்று எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் நீ கொட்டாஞ்சேனை வீட்டுக்குக்கூடப் போகாமல் வேலைத்தளத்திலிருந்து நேரே வந்திருந்தாய். சப்பாத்தில் சீமெந்து காய்ந்திருந்தது. நான் புறக்கோட்டையில் தரை ஓடு இறக்குமதி செய்கிற கொம்பனி ஒன்றில் கிளார்க். சீனாக்காரரோடு நேரே கதைக்க ஓர் ஆள் வேண்டும் என்று முதலாளி என்னைப் படிக்க அனுப்பியிருந்தார். டீச்சர் ஒவ்வொருவரிடமும் ஏன் சீனம் படிக்கிறீர்கள் என்று கேட்டா. வேலை, வியாபாரம், வெளிநாடு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். நீ மட்டும் "சும்மா" என்றாய். சும்மா படிக்க வந்தவனின் முகம் அல்ல அது.

அந்த மொழி நம் இரண்டு பேரையும் வதைத்தது. ஒரே சொல்லை நேராகப் பிடித்தால் ஓர் அர்த்தம், ஏற்றினால் வேறொன்று, பள்ளத்தில் இறக்கி எடுத்தால் மற்றொன்று, வெட்டி இறக்கினால் இன்னொன்று. என் கோபம் சத்தம் போடாத கோபம். உதட்டின் உட்பக்கத்தை இரத்தம் கசியும்வரை கடித்துக்கொண்டிருப்பேன். ஒபிஸில் ஒரு நாள், நான் சொல்வது விளங்காமல் எதிர்முனையில் இருந்த சீனப்பெண் தொலைபேசியை வைத்துவிட, கையிலிருந்த ரிசீவரை மேசையில் அடித்து உடைத்தேன். உனக்குக் கோபத்தை மறைக்கத் தெரியாது. மூன்றாவது ஒலி, பள்ளத்தில் இறங்கி ஏறுகிற ஒலி, உன் தொண்டைக்கு வரவே இல்லை. அதிலும் ‘வோ’ என்ற சொல். ‘நான்’ என்று அர்த்தம். அது இல்லாமல் ஒரு வசனமும் தொடங்க முடியாது.

அன்று டீச்சர் உன்னை எழுப்பி நிறுத்தி அதையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தா. நீ ஒவ்வொரு முறையும் பள்ளத்துக்குள் இறங்காமல் தாண்டிப் போனாய். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீ கதிரையைத் தூக்கிச் சிரிப்பு வந்த பக்கம் எறிந்தாய். அது என் நெற்றியில் பட்டது. அதன்பிறகுதான் சுவரில் குத்தினாய். விரல் மூட்டெல்லாம் தோல் கிழிந்து தொங்கியது. டீச்சர் வாசலைக் காட்டினா. நீ என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாய்.

"நிறைய வெட்டோ?"

"இல்ல."

"பொய் சொல்லாத மச்சான். தையல் போடோணும். இதெல்லாம் நான் கண்ட காயம்."

உன் கைலேஞ்சியை மடித்து என் நெற்றியில் அழுத்திப் பிடித்தபடி டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனாய். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பொக்சிங் செய்தவன் நீ என்று அப்போதுதான் அறிந்தேன். தையல் போட்டபின் தண்டவாளத்தைக் கடந்து கடலோரப் பாறையில் உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்பாய் என்று நினைத்தேன். நீ ரோஹணவின் கதையைச் சொன்னாய்.

துறைமுகப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் ஒன்றில் உனக்குக் கிரேன்காரருக்குக் கை காட்டுகிற வேலை. லொறியில் பூட்டிய அந்தக் கிரேனை ஓட்டியவர் லின் என்ற சீனர். இரும்புக் கட்டுகளைக் கொளுவி விடுகிறவன் ரோஹண; அங்கே உனக்கு இருந்த ஒரே கூட்டாளி. ஒரு நாள் கிரேனில் இறங்கிக்கொண்டிருந்த இரும்பு உத்தரம் திசைமாறி அவன் நின்ற பக்கம் வந்தது. லின் உன் கையைப் பார்க்கவில்லை. உனக்குத் தெரிந்த ஒரே சீனச்சொல்லைக் கத்தினாய்: ‘திங்’. ஒலியை ஏற்றிச் சொன்னால் அது ‘நிறுத்து’. நேராகச் சொன்னால் ‘கேள்’. உன் வாயில் அது நேராக வந்தது. லின் கையை லிவரிலிருந்து எடுக்காமல், என்ன சொல்கிறாய் என்று கேட்பதற்காக ஜன்னலால் தலையை நீட்டினார். உத்தரம் ரோஹணவின் காலில் இறங்கியது.

"முழங்காலுக்கு மேல எடுத்திட்டாங்கள்" என்றாய். "கொம்பனியில மொழிபெயர்க்கிறவன் பிறகு எனக்குச் சொன்னான். நீ கேள் எண்டு சொன்னாய், அந்தாள் கேட்டார் எண்டு. அவன்ட வாயிலயே குத்தினன். பல்லு போச்சு. அவன் வேலைய விட்டுட்டுப் போயிட்டான்."

"வேற ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியா. சீனன் வேணுமெண்டு நசிச்சான் எண்டுதான் எல்லாரும் நிக்கிறாங்கள். ரோஹணட தம்பியும் இப்ப அங்கதான் வேலைக்கு வந்திருக்கான். நான் வாயத் திறக்கல்ல."

பாறையில் கிடந்த போத்தலொன்றை எடுத்துக் கடலில் எறிந்தாய். லின்னிடம் அவருடைய மொழியிலேயே சொல்லவேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்களிடம் சொல்ல வாய் வரும் என்றாய். மொழிபெயர்க்க இன்னொருவனை வைத்தால் அது தான் சொன்னதாகாது என்றாய். நீ சீனம் படிக்க வந்தது ஒரேயொரு வசனத்துக்காக: ‘அன்றைக்குப் பிழையாகச் சொன்னது நான்தான்.’ அந்த வசனத்தின் நடுவில்தான் உனக்கு வராத அந்த ‘வோ’ இருந்தது.

டீச்சர் உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது நான் போய்க் கெஞ்சியதால்தான். அவவுக்குக் காரணம் சொல்லவில்லை. வகுப்பில்லாத பின்னேரங்களில் என்னைக் கொட்டாஞ்சேனையில் நீ பழகிய பொக்சிங் கிளப்புக்குக் கூட்டிப் போனாய். வியர்வையும் தைலமும் நாறுகிற, மின்விசிறி ஓடாத ஒரு மண்டபம் அது. அங்கேதான் உனக்கு அந்த யோசனை வந்தது: ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் அடி. முதல் ஒலிக்குக் கையை நேராக நீட்டி விழாமல் பிடிப்பது. இரண்டாவதுக்கு இடுப்பிலிருந்து நாடிக்கு மேல்நோக்கிக் குத்துவது. நாலாவதுக்குத் தோளிலிருந்து கீழே வெட்டி இறக்குவது. மணல் மூட்டையை அடித்தபடியே சொற்களைக் கத்தினோம். என் விரல்களில் தோல் உரிந்தது. ஆனால் சொற்கள் நாக்கில் உட்கார ஆரம்பித்தன. நான் ஒரு சொல்லில் தடுக்கிக் கையுறையைக் கழற்றி வீசிய அன்று நீ சொன்னாய்: "கோபத்த வெளிய எறியாத மச்சான். சொல்லுக்குள்ள போட்டு அடி."

மூன்றாவது ஒலிக்குக் குனிந்து எழும்பவேண்டும். உனக்கோ குனியத் தெரியாது. அதனால்தான் உன் மூக்கு முன்பே உடைந்திருந்தது. அடி வந்தால் நின்று வாங்குவாய், பிறகு திருப்பிக் கொடுப்பாய். ஆகவே மூட்டையை விட்டு என்னை உனக்கு முன்னால் நிறுத்தினாய். நான் தலைக்கு அடிக்கவேண்டும், நீ குனிந்து எழும்பும்போது ‘வோ’ சொல்லவேண்டும். நான் தயங்கினால் தூஷணத்தால் ஏசினாய். அடித்தேன். கன்னத்தில், காதில், உடைந்த அதே மூக்கில். வாரக்கணக்காக நீ நிமிர்ந்தபடியே நின்று வாங்கினாய். சொல் வரவில்லை, இரத்தம்தான் வந்தது. உன்னை அடிப்பது எனக்குப் பிடிக்கத் தொடங்கியதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒபிஸில் விழுங்கியதையெல்லாம் உன் முகத்தில் இறக்கிக்கொண்டிருந்தேன். அது உனக்குத் தெரிந்திருந்தது. "இன்னும்" என்பாய்.

ஒரு பின்னேரம் என் கை வெறுங்காற்றில் போனது. நீ கீழே இருந்தாய். எழும்பும்போது உன் வயிற்றிலிருந்து அந்த ‘வோ’ முழுதாக ஏறி வந்தது. இரண்டு பேரும் தரையில் விழுந்து கிடந்து சிரித்தோம். உன் பல்லெல்லாம் இரத்தம்.

அதற்குச் சில நாள் கழித்து, உன் வேலைத்தளத்துக்கே எங்கள் கொம்பனி ஓடு அனுப்பியது. கையெழுத்து வாங்க லொறியில் நானும் வந்தேன். அன்று சாப்பாட்டு நேரத்தில் லின்னிடம் கதைக்கப் போவதாகக் காலையில் எனக்குச் சொல்லியிருந்தாய். ஆனால் உனக்கு முன்பே மற்றவர்கள் அவரிடம் போய்விட்டார்கள்.

கேற்றுக்குள் லொறி நுழையும்போதே சத்தம் கேட்டது. லின்னைக் கிரேனிலிருந்து இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு கண் மூடி வீங்கி, புருவத்தில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சில பேர் மண்வெட்டிப் பிடியோடு வளைத்து நின்றார்கள். நடுவில் ரோஹணவின் தம்பி, கையில் கம்பி முறுக்குகிற இரும்புத் தடியோடு. கிரேன் சில்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு லின் ஒரு பெரிய ஸ்பனரை ஓங்கியிருந்தார். யார் முதலில் அடித்தாலும் ஓர் உயிர் போகும். நீ ஆட்களை முழங்கையால் இடித்து விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தாய்.

"திங்" என்றாய். ஒலி மேலே ஏறியது. ஓங்கிய ஸ்பனர் அப்படியே நின்றது.

பிறகு அவருடைய முகத்தைப் பார்த்து உன் வசனத்தைச் சொன்னாய். அத்தனை பேர் கத்திக்கொண்டிருந்த இடத்திலும் ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. ‘வோ’ அடிமட்டம் வரை இறங்கி ஏறியது. அதன்பிறகு ரோஹணவின் தம்பியிடம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னாய், அன்று பிழையாகக் கத்தியது நீதான் என்று, இந்த மனுஷனில் குற்றம் இல்லை என்று.

"கஹன்ன ஓன நங் மட்ட கஹப்பங்" என்றாய். அடிக்கவேணுமெண்டால் எனக்கு அடி.

அவன் அடித்தான்.

அந்த அடிக்குக் குனிய உனக்குத் தெரியும். அதற்கு நான் சாட்சி. தடி உயர்ந்ததை நீ கண்டாய், கண்டும் நிமிர்ந்தபடி நின்றாய். சத்தம் பெரிதாக இல்லை. நீ விழுந்தபின் அவன் இன்னொரு முறையும் ஓங்கினான். மண்வெட்டிப் பிடியோடு நின்றவர்களே அவன்மேல் விழுந்து பிடித்தார்கள். லின் தவழ்ந்து வந்து உன் தலையை மடியில் எடுத்தார். "வோ திங் ஜியென் ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது என்று அர்த்தம். அவருடைய இரத்தம் உன் நெற்றியில் சொட்டிக்கொண்டிருந்தது. உனக்கு அது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய்.

உன் அடக்கத்துக்கு ரோஹண ஊன்றுகோலோடு வந்து மாதா கோயில் வாசலிலேயே நின்றான். உன் அம்மா எழும்பிப் போய் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தா. என்னால் அவனுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனைப் பார்த்தால் அவன் தம்பியின் முகம் தெரிந்தது.

வழக்கு புதுக்கடை நீதிமன்றத்தில் நடந்தது. நான் சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, விறாந்தை வாங்கில் ரோஹணவின் தம்பியை விலங்கோடு இருத்தி வைத்திருந்தார்கள். இருபக்கமும் காவலர்கள். என் கை தானாகவே முட்டியாக மூடியது. நாடிக்குக் கீழிருந்து மேலே, நீ காட்டித்தந்த இரண்டாவது ஒலி. அவனுடைய பல்லை உடைத்துவிட்டு உள்ளே போனாலும் பரவாயில்லை என்று அவனுக்கு முன்னால் போய் நின்றேன். அவன் நிமிர்ந்து பார்த்துச் சிங்களத்தில் கேட்டான்.

"அன்றைக்கு அவர் சீனாக்காரனிட்ட என்ன சொன்னார்? எங்களுக்குச் சொன்னதையேதானா?"

ஓம், அதையேதான் என்றேன். லின்னுக்குத்தான் முதலில் சொன்னான் என்றேன்.

அவன் விலங்கு மாட்டிய இரண்டு கையையும் தூக்கித் தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். காவலர்கள் பிடித்து இழுக்கும்வரை அடித்தான். தோல் பிளந்து கண்ணுக்குள் வழிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தடுக்கவுமில்லை, அடிக்கவுமில்லை.

மன்னிப்பு மெதுவாக வரும் என்று உங்கள் கோயில் பாதர் எனக்குச் சொன்னார். வரவில்லை மச்சான். வந்ததாக உனக்குப் பொய் எழுதமாட்டேன். அந்தக் கோபம் இருக்கிறது, அதை நான் வெளியே எறிவதில்லை, அவ்வளவுதான். இப்போது நாள்தோறும் சீனாக்காரரோடு விலை பேசுகிறேன், சண்டை பிடிக்கிறேன். நன்றாகக் கதைக்கிறாய் என்கிறார்கள். ‘வோ’ என்று தொடங்கும்போதெல்லாம் மேசைக்குக் கீழே என் முழங்கால் கொஞ்சம் மடிகிறது. யாரும் கவனிப்பதில்லை. அடி எங்கிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டுதான் நான் அந்தச் சொல்லை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.