வெறும் வயிறு

திங்கள், 7

மேகமூட்டம். துணி காயவில்லை. பத்து மணிக்கு நெஞ்செரிச்சல், தொண்டை வரை புளிப்பு. கை தானாக மார்புக்குப் போய்விட்டது. ஒரு நிமிடம் ஆகவில்லை, நாவலூரிலிருந்து ரவியின் போன்.

"அம்மா, ஏன் நெஞ்சுல கை வச்சிட்டிருக்க?"

ஹாலில் கேமரா வைத்தது திருடனுக்காக என்றான். திருடன் வரவில்லை. நான்தான் மாட்டுகிறேன்.

"புடவைத் தலைப்பைச் சரி செய்தேன்." பொய்.

ஏப்ரலில் மயங்கி விழுந்தபோதே பையன் சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவை உடம்புக்கு வந்துதுன்னா இந்த வீட்டைப் பூட்டிட்டு எங்க ஃபிளாட்டுக்கு வந்துடணும்." பதினான்காவது மாடி. ஜன்னல் பாதிதான் திறக்கும். ஆகவே எரிச்சல் அவனுக்குத் தெரியக் கூடாது.

செவ்வாய், 8

மருந்து மூன்று. வேதியியல் நோட்டில் எழுதியது போல ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.

ஜெல்: இரண்டு ஸ்பூன். ஐந்து நிமிடத்தில் குளிர்ச்சி. ஒரு மணி நேரத்தில் பழைய குருடி. சுண்ணாம்பில் புதினா கலந்த ருசி. மலச்சிக்கல்.

ஃபாமோ. மாத்திரை: முக்கால் மணி காத்திருக்க வேண்டும். மாலை வரை தாங்கும். ஜெல்லைவிட மேல்.

பான்டோ. மாத்திரை: போன மாதம் பெருங்களத்தூர் டாக்டர் எழுதியது. (ரவிக்குத் தெரியாது.) தினம் காலை வெறும் வயிற்றில். இருபது நாள் ஒரு வேளை தவறவில்லை. பலன் பூஜ்யம். மூன்றில் இதுதான் கடைசி.

வேலைக்கு வரும் செல்வி எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, கேஸா? சோடா வாங்கியாரவா?"

"கேஸ் இல்லை. ஆசிட்."

"ஆசிட்டா! பாத்ரூமுக்கு ஊத்துவாங்களே, அதுவா?"

விளக்கினேன். கேட்டுவிட்டு, "அதான், கேஸு" என்றாள்.

புதன், 9

சமையலறையில் கேமரா இல்லை. எரிச்சல் வந்ததும் அங்கே போய் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பது நிமிடம். எழுபத்தாறு வயதில், சொந்த வீட்டில், கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டு.

போன். "எங்கம்மா போன இவ்வளவு நேரமா?"

"குழம்பு."

குழம்பு வைக்கவில்லை. மோர் சாதம்.

வியாழன், 10

தையல்காரரிடம் போவதாக ரவியிடம் சொல்லிவிட்டு, செல்வியோடு ஆட்டோவில் பெருங்களத்தூர். டாக்டர் சின்னப் பெண். முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார். "இதயம் நல்லா இருக்கும்மா." பிறகு: "மாத்திரை எப்படிப் போடறீங்க?"

"நீங்கள் சொன்னபடிதான். வெறும் வயிற்றில். ஆறரைக்கு, காபி குடித்த கையோடு."

பேனாவைக் கீழே வைத்தார். "காபி குடிச்சிட்டா அது எப்படிம்மா வெறும் வயிறு?"

எங்கள் வீட்டில் காபி சாப்பாட்டில் சேர்த்தியே இல்லை. டிபனுக்கு முன்னால் எல்லாமே வெறும் வயிறுதான். அப்படியேதான் வளர்ந்தேன். இருந்தாலும் கான்வென்ட்டில் படித்தவள், அடுத்தவர் எழுத்தில் கால்புள்ளி தேடுகிறவள், சீட்டில் இரண்டு வார்த்தையைச் சரியாகப் படிக்கவில்லை. முகம் சுட்டது.

மாத்திரை முதலில். அரை மணி கழித்து டிபன். காபி அதற்கும் பிறகு, ஒரே டம்ளர்.

வெளியே வந்ததும் செல்வி: "இம்மாம் படிச்சிகினு... எனக்கே தெரியுமேம்மா இது!" ஆட்டோக்காரரும் சிரித்தார். அவரை யார் கேட்டது?

வெள்ளி, 11

ஆறு மணிக்கு மாத்திரை, தண்ணீரோடு. காபி இல்லாத அரை மணி நேரம். தலைவலி. யாரைப் பார்த்தாலும் எரிச்சல். நெஞ்சோடு நிற்கவில்லை.

வியாழன், 17

மழை. மூன்று நாளாக ஒன்றுமில்லை. பான்டோ. குறிப்பை அடித்துவிட்டு மேலே எழுதினேன்: முதல் இடம். ஜெல் புட்டி அலமாரிக்குள்.

ஞாயிறு, 20

ரவி வந்தான். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நானே சொன்னேன். எரிச்சல், டாக்டர், காபி, எல்லாம். ஈ.சி.ஜி. தாளையும் கொடுத்தேன். கோபிக்கவில்லை. தாளை நிதானமாகப் பார்த்தான்.

"ரொம்ப நல்லதும்மா. நல்லா இருக்கும்போதே வந்துடு. முடியாம போனப்புறம் வந்தா உனக்குப் புது இடம் பழகாது."

உடம்பு சரியில்லை என்றாலும் நாவலூர். சரியாக இருந்தாலும் நாவலூர்.

"வரமாட்டேன்" என்றேன்.

"ஏம்மா?"

காரணம் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பான். இன்னொரு முறை, "வரமாட்டேன், ரவி."

எழுந்து போய்விட்டான். வாசலில் காரில் உட்கார்ந்திருக்கிறான். கால் மணி நேரம் ஆகிறது. இன்னும் கிளப்பவில்லை.