அன்று கடல் அசையவில்லை

இன்று காலை சாத்தம் துறைக்குப் போகும் படகில் ஏறும்போது யாரோ இடித்ததில் கைப்பைக்குள் எலுமிச்சம்பழம் நசுங்கிவிட்டது. அந்த வாசனை எழுந்ததும் உங்கள்மேல்தான் முதலில் கோபம் வந்தது, அண்ணா. நான் கொடுத்ததை ஏன் வாங்கி முகர்ந்தீர்கள்? ஏன் என் கையைத் தட்டிவிடவில்லை?

பாம்பூஃப்ளாட்டில் எங்கள் வீட்டுப் பின்னறையில் நீங்கள் குடியிருந்தவரை இதே படகில்தான் போனோம். நான் டெலானிபூர் அலுவலகத்துக்கு, நீங்கள் பயிற்சிக்கு. இந்தச் சின்னப் பயணத்துக்கே நான் எலுமிச்சம்பழம் கொண்டுவருவதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். "தீவில் பிறந்த பெண்ணுக்குக் கடல் ஆகாதா? நான் கானாவில் மீனவன் மகன். நடக்கும் முன்னே படகில் நின்றவன்."

பாங்காக்கில் கால்பந்து ஆடத் தொடங்கியவர். பிறகு டாக்கா, கொல்கத்தா, மலப்புறம், கடைசியில் எங்கள் தீவு. "வருடா வருடம் மைதானம் சுருங்குகிறது, என் முட்டி மட்டும் வீங்குகிறது" என்பீர்கள். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவருக்கும் வாய் வரவில்லை. "ஏய் ஆப்ரிக்கா, கோல் மாரோ!" என்று கத்துவார்கள். "ஆப்ரிக்கா ரொம்பப் பெரிசு பாய், நான் அதில் ஒரு தெருதான்" என்று இந்தியிலேயே திருப்பிக் கொடுப்பீர்கள்.

நாம் எல்லோரும் கப்பலேறிப் போன ஹட்பே ஆட்டத்தில் எதிரணி கோல்கீப்பரின் முழங்கால் உங்கள் நெற்றிப்பொட்டில் இறங்கியது. தண்ணீர் ஊற்றி எழுப்பி, மறுபடி ஆடவிட்டார்கள். திரும்பும் கப்பலில் மூன்று முறை வாந்தி எடுத்தீர்கள். அணியின் செயலாளர் என் அப்பாதான். "குச் நஹி, ஒண்ணுமில்ல, கப்பல் வாந்தி. எலுமிச்சம்பழம் குடும்மா, சரியாயிரும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். இந்தத் தீவுகளில் கப்பலில் வாந்தி எடுப்பவனை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்று கடல் அசையவில்லை. வேறு ஒருவரும் வாந்தி எடுக்கவில்லை. நானே எடுக்கவில்லை! அலமாரி அலமாரியாகப் புத்தகம் படித்தவளுக்கு அது உறைக்கவில்லை. "தலை வலிக்கிறது, தங்கச்சி" என்றீர்கள். பழத்தை நீட்டினேன். போர்ட் பிளேயரில் கப்பலைக் கரையில் கட்டியபோது நீங்கள் கண் திறக்கவில்லை.

அஞ்சலி பேனரில் வேறொரு கறுப்பு ஆட்டக்காரரின் படம் போட்டிருந்தார்கள். மாற்றச் சொன்னேன். "யாருக்கும்மா தெரியப்போகுது?" என்றார் அப்பா.

உங்கள் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும் என்னைத்தான் உட்கார வைத்தார். "கப்பல்ல உடம்பு சரியில்லாமப் போச்சுன்னு எழுது. ஆட்டத்துல அடிபட்டதை எழுதினா டீமே இருக்காதும்மா." மீனவரைக் கட்டிக்கொண்டவளிடம், உன் மகன் கடல் ஒத்துக்கொள்ளாமல் செத்தான் என்று நான் சொல்ல வேண்டுமாம்!

நடந்ததை எழுதினேன். எலுமிச்சம்பழத்தையும் எழுதினேன். போன வாரம் அனுப்பிவிட்டேன். அப்பா என்னோடு பேசுவதில்லை.

பையில் இப்போதும் பழம் இருக்கும். கப்பலில் யாராவது வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தால், நீட்டும் முன் கேட்கிறேன்: "தலையில எங்கயாவது அடிபட்டுச்சா?" கிறுக்கி என்று முறைக்கிறார்கள். முறைக்கட்டும். பதில் வரும்வரை பழத்தைக் கொடுப்பதில்லை.