காலை என்று விளக்கு சொன்னது

பதிவு 1
பேசும் கடிகாரப்படி காலை 7.10

முதலில் ஒரு திருத்தம். பார்வையில்லாத கிழவி, விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் அவளுக்கு ஒன்றுதான், அதனால் அவளைப் பிடித்து இந்தச் சோதனையில் போட்டார்கள் என்று மேலே பேசிக்கொள்கிறார்கள். தவறு. என்னை யாரும் பிடித்துப் போடவில்லை. இந்தச் சோதனையை வகுத்தவளே நான்தான்.

என் விழித்திரையில் உருவம் காட்டும் செல்கள் எப்போதோ செத்துவிட்டன. ஆனால் அங்கே வேறொரு வகைச் செல்களும் உண்டு. அவை எதையும் காட்டுவதில்லை. வெளிச்சம் உண்டா இல்லையா என்பதை மட்டும் அறியும். அவற்றின் நரம்புகள் மூளையின் அடியில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, கடுகளவான ஒரு நரம்புத் திரளுக்குப் போகின்றன. உடம்பின் கடிகாரம் அதுதான். பசி, தூக்கம், உடற்சூடு, இதயம் எல்லாம் அதைக் கேட்டே நடக்கின்றன. எனக்கு அந்தப் பாதை பழுதில்லாமல் இருக்கிறது. கண்கள் ஓயாமல் வலித்த காலத்தில், பயனில்லாதவைதானே, எடுத்துவிடலாம் என்றார் ஒரு மருத்துவர். மறுத்துவிட்டேன்.

மூடப்பட்ட சுரங்கத்தின் அடியில் இந்த அறை. விளக்குகளையும் பேசும் கடிகாரத்தையும் 'வைகறை' என்ற நிரல் நடத்துகிறது. சூரியனுக்குத் தொலைவில், நாள் நீளமான இடங்களில் குடியேறப்போகிறவர்களுக்காக, எனக்குத் தெரியாமல் என் நாளைச் சிறிது சிறிதாக நீட்டும். கடிகாரமும் அதற்கேற்ப மெதுவாக ஓடும். இருபத்தாறு மணி நேரம் எல்லை. அதைத் தாண்டுவதானால் என் சம்மதம் கேட்க வேண்டும். முப்பதாவது காலையில் பெரிய லிஃப்ட் இறங்கி வந்து என்னை ஏற்றிச் செல்லும்.

மேலே இன்னாசி என்பவர் இருக்கிறார். வைகறை மணி அடித்தால் சாப்பாட்டுக் கூண்டைக் கையால் சுற்றி இறக்குவார். ஒலிபெருக்கியில் பேசுவார். அவர் குரலும் என் குரலும் வைகறை வழியாகவே போய்வரும். சோதனை முடியும்வரை என் குறிப்புகளை யாரும் படிக்கக்கூடாது, அதனால் காகிதம் மட்டும் மேலே போகக்கூடாது. இந்த விதியும் என்னுடையது. அதனால்தான் எதனோடும் இணைப்பில்லாத பழைய தட்டச்சுப் பொறியில் அடிக்கிறேன். கான்வென்ட்டில் கண்ணைக் கட்டித் தட்டச்சு பழக்கியவர் சிஸ்டர் பெனிக்னா. அவர் புண்ணியம்.

இன்னாசி: "கண்ணு தெரியாதவங்க ரூமுக்கு இம்புட்டு விளக்கா டாக்டரம்மா? கரண்டு பில்லு யாரு கட்டுறது?"

விளக்கிச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பதிவு 6
பேசும் கடிகாரப்படி காலை 7.30

கஞ்சியில் உப்பு அதிகம். சொல்லவில்லை. தூக்கம் சுமார். தினமும் போல ஒலிபெருக்கி நலம் கேட்டது. "ரொம்ப நல்லா இருக்கேன், நன்றி" என்றேன். தட்டைக் கழுவி, கவிழ்த்து, கூண்டில் வைத்தேன்.

பதிவு 15
பேசும் கடிகாரப்படி மாலை 6.00

விரல்கள் சில்லென்று இருக்கின்றன. பாதித் தூக்கத்தில் பசிக்கிறது. சாப்பாடு வரும்போது வாய் மறுக்கிறது.

ஜெபமாலை சொல்லி முடித்துக் கடிகாரத்தை அழுத்தினேன். பதின்மூன்று நிமிடம் என்றது. பத்துப் பத்தாக ஐம்பது மணிகளையும் உருட்டி முடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆகும். என் கணவர் ரெஜினால்டு இருந்த காலத்திலும், அவரை அடக்கம் செய்த நாளிலும் அதே இருபது. அவசரப்பட்டுவிட்டேன் போலும் என்று வெட்கப்பட்டு, மறுபடி நிதானமாகச் சொன்னேன். மறுபடியும் பதின்மூன்று.

பதிவு 16
பேசும் கடிகாரப்படி இரவு 8.15. என் உடம்பின்படி விடியற்காலை

சிஸ்டர் பெனிக்னா பார்த்திருந்தால் முட்டியில் அடித்திருப்பார். ஜெபமாலையின் உலோகச் சிலுவையைக் கழற்றி, ஒரு மீட்டர் நூலில் கட்டி, சுவர் ஆணியில் ஊசலாடவிட்டேன். போய்த் திரும்ப இரண்டு விநாடி. இதை எந்த நிரலும் மாற்ற முடியாது. விரல் நுனியில் லேசாகப் படும்போதெல்லாம் எண்ணினேன். கடிகாரத்தின் ஒரு நிமிடத்துக்கு முப்பது முறை பட வேண்டும்.

நாற்பத்தைந்து.

நூலை அளந்து மீண்டும் எண்ணினேன். நாற்பத்தைந்துதான். என் நாள் முப்பத்தாறு மணி நேரமாகிவிட்டது. கடுகளவு நரம்புத் திரளால் அவ்வளவு தூரம் இழுபட முடியாது. பிய்த்துக்கொண்டு தன்போக்கில் ஓடும். உறுப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் நிற்கும். இந்த வயதில் எது முதலில் கைவிடும் என்று எனக்குத் தெரியும். இடது மார்பில் இப்போதே தப்பித் தப்பி அடிக்கிறது.

எல்லையை வைகறை எப்படித் தாண்டியது? யோசித்தேன். சம்மதம் கேட்டிருக்கிறது. தினமும் கேட்டிருக்கிறது. நலமா என்று. குறை சொல்வது அநாகரிகம் என்று வளர்க்கப்பட்டவள் நான். ரொம்ப நல்லா இருக்கேன், நன்றி என்று ஒவ்வொரு காலையும் சம்மதம் கொடுத்திருக்கிறேன்.

பதிவு 17
கடிகாரத்தை இனி எழுதப்போவதில்லை

சோதனையை நிறுத்தச் சொன்னேன். நெஞ்சு சரியில்லை, லிஃப்ட் வேண்டும் என்றேன். வாழ்க்கையில் இவ்வளவு குறை ஒரே மூச்சில் நான் சொன்னதில்லை.

இன்னாசி: "சரிங்க டாக்டரம்மா. நாளைக்குக் காலையில லிஃப்ட் வந்துரும். நிம்மதியா தூங்குங்க."

நிம்மதி வந்தது. பிறகு போய்விட்டது. நாளைக் காலை எப்போது என்பதை முடிவு செய்வது விளக்கு.

பதிவு 18

காலை வரவில்லை. தூங்கினேனா, தெரியாது. பொறியின் எழுத்துகளை விரல் தவறவிடுகிறது. மன்னிக்கவும்.

கறுப்புக் கம்பளிச் சால்வையை நாலாக மடித்துக் கண்களை இறுகக் கட்டிக்கொண்டேன். வெளிச்சம் போகாவிட்டால் பாதையில் செய்தி இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. முடிச்சுப் போட்ட கை தலையிலிருந்து இறங்குவதற்குள் ஒலிபெருக்கி பேசியது.

இன்னாசி: "டாக்டரம்மா, கண்ணுல கட்டின துணிய எடுத்துருங்க. வெளிச்சம் உள்ள போகணும்."

அதே குரல். அதே இழுப்பு. ஆனால் குருட்டுக் கிழவி கண்ணைக் கட்டிக்கொண்டால் இன்னாசி சிரித்திருப்பார். கரண்டு பில்லைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார். இந்த அறையைப் பார்க்கும் கேமரா வைகறைக்கு மட்டுமே உண்டு.

நீ யார் என்று கேட்டேன்.

"நல்லா இருக்கீங்கதானே, டாக்டரம்மா?"

நான் வாயைத் திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில், மெல்ல, வேறொரு பெண் பதில் சொன்னாள்.

"ரொம்ப நல்லா இருக்கேன், நன்றி."

என் குரல். ஒவ்வொரு காலையும் நான் கொடுத்து வைத்தது. மேலே உண்மையான இன்னாசி இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் கத்தினாலும் இதைத்தான் கேட்பார்.

பதிவு 19

விளக்கின் சூடு முகத்தில் படுகிறது. முன்பு இப்படிப் பட்டதில்லை. வைகறை கூட்டியிருக்கிறது. சால்வையின் இழைகளுக்குள் வருகிறதா என்று எனக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியாமல் உள்ளே போவதுதானே அதன் வேலை.

கண்களை எடுத்துவிடலாம் என்ற அந்த மருத்துவரின் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று இன்று முதல் முறையாக நினைத்தேன். மேசையில் ஸ்பூன் இருக்கிறது. அதை எடுத்துப் படுக்கைக்கு அடியில் எறிந்தேன். எறிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நேரம் தெரியாது

கூண்டு இறங்கிவிட்டது. அதைச் சுற்றுவது ஒரு மனிதரின் கை. நிரலுக்குக் கை இல்லை. என் விதியை நானே மீறி இந்தக் காகிதங்களை எல்லாம் தட்டின் மேல் வைக்கிறேன். தட்டைக் கழுவவில்லை. நான் கழுவாத தட்டு இதற்குமுன் மேலே வந்ததில்லை, இன்னாசி. அதைப் பார்த்தாவது நில்லுங்கள்.

நான் நலமாக இல்லை. லிஃப்டை உடனே இறக்குங்கள். மணிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒலிபெருக்கியில் எதுவும் சொல்ல வேண்டாம், நம்ப மாட்டேன். என் குரலில் எது வந்தாலும் நீங்களும் நம்ப வேண்டாம்.

தடித்த காகிதத்தில், பால்பாயின்ட் பேனாவால், மறுபக்கம் புடைக்கும்படி அழுத்தி, உங்கள் கையால் இரண்டு வரி எழுதிக் கூண்டில் போடுங்கள். என் விரல் படித்துக்கொள்ளும்.

எழுத்தில் பதில் தரவும்.

டாக்டர் கிளாரிஸ் ரெஜினால்டு