பேத்தியைப் பார்க்கப் போகிறவர் பங்குதாரர் அல்லர்

ஞானம்,

நீ கோயிலிலிருந்து வருவதற்குள் புறப்பட்டுவிட்டேன். இருந்தால் மறுபடியும் சண்டைதான். லக்சம்பர்க் விசாவுக்குக் கோயமுத்தூரில் நம் இருவருக்கும் பதினொன்றரைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

உன் செல்ல மகன் அருள்செல்வன் தந்த கடிதத்தை அவன் மேசைமீதே வைத்துவிட்டேன். அவனுடைய பனியன் கம்பெனியில் நான் பங்குதாரராம், கண்காட்சிக்குப் போகிறேனாம். முப்பத்தாறு ஆண்டு வகுப்பெடுத்த கை அதில் கையெழுத்திடாது.

"வாத்தியாருன்னா விசா ஆபீஸ்ல வெத்தல பாக்கு வெச்சா கூப்புடுவாங்க?" என்று அவன் சிரித்தான். "உங்க உண்மையத் தூக்கிட்டு நீங்களே போங்க, நா வல்லீங்க" என்றாய் நீ. கொக்குகளின் விருந்துக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு போன காக்கையை எண்ணிப் பார். மழை வந்துவிடுமோ என்று வானத்தையே பார்த்திருந்து, ஒரு மீனும் தின்னாமல் திரும்பியது. அங்கே நம் மகள் மதுமதியின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நானும் வானம் பார்க்க வேண்டுமா?

ஓய்வு பெற்ற ஆசிரியன். பேத்தியைப் பார்த்துவிட்டுத் தொண்ணூறு நாளுக்குள் திரும்புவேன் என்று விசாவுக்கான கடிதத்தை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மறுத்தால் மறுக்கட்டும்; மறுபடியும் இதையே எழுதுவேன்.

உன் பாஸ்போர்ட்டும், மதுமதி அனுப்பிய அழைப்புக் கடிதத்தின் நகலும், காப்பீட்டுத் தாளும் பீரோவில் உள்ளன. கைரேகைக்கு நீ நேரில் வந்தாக வேண்டும். இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிப் பேருந்தைப் பிடி.

ரத்தினசாமி

பி.கு.: "என் மனைவியும் உடன் வருகிறாள்" என்று அந்த விசாக் கடிதத்தில் எழுதிவிட்டேன். நீ வராவிட்டால் நானும் பொய்யனாகிவிடுவேன்.