கறுத்த கண்ணாடி

தை 20, ஞாயிறு

காமாக் கதிர்வீச்சு பாய்ச்சிய, எர்பியம் என்ற தனிமம் கலந்த கண்ணாடி இழைச் சுருள் இன்று வந்தது. லேப் பூட்டியிருந்ததால் வாடகை அறைக்கே கொண்டுவந்தேன். கதிர் பட்டுக் கறுத்த கண்ணாடி அது; வெளிச்சம் பட்டால் அந்தக் கறுப்பு வெளுத்து நாளைய அளவீடு கெட்டுவிடும் என்று கறுப்புத் துணியில் சுற்றி வைத்தேன்.

கீழ் வீட்டில் இருக்கும் ஓனர் ஜெசிந்தா அக்கா அது என்னவென்று கேட்டார். சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சுருளோடு வந்த, இழை இழுத்த கண்ணாடித் தண்டின் இரண்டு துண்டுகளையும் காட்டினேன். கதிர் படாதது லேசான ரோஸ். பட்டது கடுங்காப்பி நிறம்.

அக்கா முகம் மாறிவிட்டது. “கண்ணாடியே இப்படிக் கறுத்துப்போச்சேம்மா!”

“இதுல கதிர் தங்காதுக்கா, ஒண்ணும் செய்யாது. எக்ஸ்ரே எடுத்தா அது ஒடம்புலயா ஒட்டிக்கிட்டிருக்கு?”

“எங்க வீட்டுக்காரரு வேலை பாத்த கம்பெனியிலயும் ஒண்ணும் செய்யாதுன்னுதான் சொன்னாங்க. அவரு போயிட்டாரு. அவரு நெஞ்சு எக்ஸ்ரே பீரோவுல கெடக்கு. நாளைக்கு மக பிரசவத்துக்கு வர்றா.”

நான் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் வார்த்தை அதே வார்த்தை.

சுருளையும் துண்டுகளையும் எடுத்துப்போய் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் பூட்டிவிட்டு வந்தேன். வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். எதற்குக் கழுவினேன்?